சாவியை எடுத்த பிறகும் ஓடிய இன்ஜின்

போன வாரம் சங்ககிரியில் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன். மெக்கானிக் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் கால் அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. வாசலில் ஒரு பழைய டீசல் கார் நின்றது. பக்கத்தில் சாக்கை விரித்துக் கழற்றிய சாமான்களைக் குவித்து வைத்திருந்தீர்கள். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெல்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் இன்னும் சில வருடம் உழைக்கும். டீசலைத் தெளிக்கிற நாசில்கள் சுத்தமாக இருந்தன.

"எதுக்குப்பா இதையெல்லாம் மாத்துனீங்க?" என்றேன்.

"கஸ்டமர் மாத்தச் சொன்னாருங்க."

"வண்டியில என்ன கோளாறு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். பிறகு யாரோ சொன்னீர்கள்: "பழைய வண்டிதானுங்களே, எப்படியும் மாத்தித்தான ஆகோணும்."

எனக்கு வந்த எரிச்சலை அங்கேயே கொட்டியிருப்பேன். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சை விட்டுப் போகவில்லை. பழைய டீசல் காரில் தேயாத பாகம் என்று எது இருக்கிறது? எதைத் தொட்டாலும் கொஞ்சம் ஆடும், கொஞ்சம் கசியும், கொஞ்சம் முனகும். எல்லாவற்றையும் மாற்றுவதற்கு மெக்கானிக் எதற்கு, பழைய இரும்புக்காரர் போதுமே. ஆடுகிற பத்து பாகத்தில் ஆளைக் கொல்லப்போவது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் உங்களுக்குக் கூலி. பிரித்துப் பார்த்த பிறகு, அதை வண்டிக்காரரிடம் சொல்லி ஏற்க வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைவிட அது பெரிய தலைவலி. அந்தத் தலைவலியில் ஒன்றைத்தான் இப்போது சொல்கிறேன்.

நான் பட்டறை வைத்திருந்த காலத்தில் குழந்தைவேல் என்றொருவர். மல்லசமுத்திரம் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும். அதற்கு முன்னால் போர்வெல் ரிக் வைத்துக்கொண்டு ஆந்திரா, ஒடிசா என்று ஊர் ஊராகப் போய்த் துளை போட்டவர். ரிக்கின் பெரிய இன்ஜினோடும் கம்ப்ரசரோடும் வாழ்ந்தவர். ஒன்றுமே தெரியாத வாடிக்கையாளர் நாம் சொல்வதைக் கேட்பார். எல்லாம் தெரிந்தவரோடு நாம் பேசிப் புரியவைக்கலாம். முக்கால்வாசி தெரிந்தவரிடம் மாட்டினால்தான் நம் உயிர் போகும். குழந்தைவேல் முக்கால்வாசி தெரிந்தவர்.

ஒருநாள் காலையில் தன் பழைய வெள்ளை டீசல் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. கூடவே மனைவி பாப்பாத்தி. அந்த அம்மாளுக்கு மூட்டுவலி. கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, சற்று நின்று, அடுத்த காலை வைத்துத்தான் இறங்க முடியும்.

துணிப்பையை என் மேசையில் வைத்தார் குழந்தைவேல்.

"மேஸ்திரி, நாசில், ஏர் பில்டர் எல்லாம் நானே வாங்கியாந்துட்டேன். மாட்டி மட்டும் உடுங்க. மத்தியானத்துக்குள்ள வேணும்."

நோய், மருந்து இரண்டையும் சேர்த்தே கொண்டு வந்துவிட்டார். வைத்தியன் ஊசி போட்டால் மட்டும் போதும். இப்போதெல்லாம் செல்போன் வீடியோவைப் பார்த்துவிட்டு இப்படி வருகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். குழந்தைவேலுக்கு வீடியோவே தேவைப்படவில்லை.

"வண்டிக்கு என்னங்க?" என்றேன்.

"பிக்கப் இல்ல. நாசில் போயிருச்சு."

"புகை வருதுங்களா?"

"பழைய டீசல் வண்டி புகையாம, பன்னீரா தெளிக்கும்?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பாத்தி சொன்னார்: "நீலமா வருதுங்ண்ணா. காத்தால ஸ்டார்ட் பண்ணுனா மாட்டுக்கொட்டாயே கண்ணுக்குத் தெரியறதில்ல."

"நீ சும்மா இரு. அது பனி."

"சித்திரை மாசத்துல பனியுங்களா?"

அவர் துணிப்பையை என் பக்கம் தள்ளினார். ஆயில் குறைகிறதா என்று கேட்டேன். அதையெல்லாம் தானே பார்த்து ஊற்றிக்கொள்வதாகச் சொன்னார். எப்போதெல்லாம் ஊற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, "தோணும்போது" என்றார்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயிலும் குறைகிறது. இழுவையும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நாசிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் டர்போவைப் பார்க்க வேண்டும். என் கூட வேலை பார்த்த மாதேஷைக் கூப்பிட்டு, டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றச் சொன்னேன். மாதேஷ் ஓமலூர்க்காரன். கைவேலையில் சூரன். வாடிக்கையாளர் முகம் கோணினால் மட்டும் தாங்க மாட்டான்.

குழாய் வாயிலிருந்து ஆயில் நல்லெண்ணெய் மாதிரி நூலாக ஒழுகியது. காற்று மட்டுமே போக வேண்டிய வழி அது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சின்னக் காற்றாடிதான். அதன் தண்டு ஆயிலில் மிதந்துதான் சுழலும். தண்டைத் தாங்குகிற புஷ் தேய்ந்தால் அந்த ஆயில் காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போகும். விரலை விட்டுத் தண்டை அசைத்தேன். விழப்போகிற பால் பல் மாதிரி ஆடியது.

"இங்க வந்து ஒருக்கா விரல வெச்சுப் பாருங்க" என்று குழந்தைவேலைக் கூப்பிட்டேன்.

அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "டர்போன்னா சித்த ஆடத்தாஞ் செய்யும். எங்கிட்டயே டர்போ கதை சொல்றீங்களா? என்ற ரிக்குல இதவிடப் பெருசு ஓடுச்சு."

"பெருசோ சிறுசோ, இது இப்ப இன்ஜினுக்கு ஆயில ஊட்டிட்டு இருக்குதுங்க. டீசல் இன்ஜினுக்கு டீசலும் ஆயிலும் ஒண்ணுதான். எது கெடைச்சாலும் எரிக்கும். ஒருநாள் ஆயிலயே குடிச்சுட்டு ஓட ஆரம்பிச்சுருச்சுன்னா, நீங்க சாவிய எடுத்தாலும் நிக்காது. ஆயில் தீர்ற வரைக்கும், இல்லாட்டி ஒடஞ்சு செதறற வரைக்கும் ஓடும்."

சிரித்துவிட்டார். "சாவிய எடுத்தா நிக்காத வண்டி எந்த ஊர்லீங்க இருக்குது? கம்பிய இழுத்தா என்ற ரிக்கே நின்னுதே!"

முக்கால்வாசி தெரிந்தவர் என்று சொன்னேனே, இதுதான். மீதிக் கால்வாசியை நாம் சொன்னால், நாம் அவருடைய முக்காலையும் பிடுங்குவதாக நினைத்துக்கொள்கிறார்.

அவருடைய அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மறுநாள் கெங்கவல்லியில் அவர் மகளுக்குக் கட்டுச்சோறு விருந்து. மாசமாக இருக்கிற பெண்ணுக்கு விருந்து வைத்துப் பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டிவருவது. அந்த மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும், கல்யாண மண்டபத்துக்கு ஏற்றிப்போனதும் இதே கார்.

"அவளே போன்ல சொல்லீட்டாளுங்க. அப்பா, நம்ம வண்டியிலயே வாங்கன்னு."

இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அதுவரை அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிடிவாதக்காரரோடு சண்டை போட்டுவிடலாம். பிடிவாதத்துக்குள் பாசத்தை ஒளித்து வைத்திருப்பவரை என்ன செய்வது?

"சேலத்துல இருந்து டர்போ வர்றதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆயிருமுங்க. நாளைக்கு மட்டும் வாடகை வண்டியில போய்ட்டு வந்துருங்க" என்றேன்.

"என்ற புள்ளைய வாடகை வண்டியில கூட்டியாரோணுமா? சம்பந்தி ஊட்ல என்ன நெனைப்பாங்க?"

மாதேஷ் என்னைத் தனியாக இழுத்துப்போனான். "அண்ணே, அவர் கேட்டதை மாட்டிக் குடுத்துரலாம். நாம ஏமாத்தலையே. நாளைக்கு ஒரு நாள் ஓட்டட்டும். வந்ததும் டர்போவைக் கழட்டிக்கலாம்."

இந்தக் குரலைத்தான் போன வாரம் உங்கள் பட்டறையிலும் கேட்டேன். நல்ல எண்ணத்தில் வருகிற குரல். அதனால்தான் ஆபத்து. அவனிடம் சொன்னேன்: "புது நாசில் போட்டா வண்டி கொஞ்சம் நல்லா இழுக்கற மாதிரிதான் தெரியும். அவரு நம்பிருவாரு. நம்பி மிதிப்பாரு. பின்சீட்டுல மாசமா இருக்கற புள்ளைய வெச்சுட்டு வாழப்பாடி பக்கம் லாரிகளுக்கு நடுவுல மிதிக்கறப்ப அது பிச்சுக்கிட்டு ஓடுனா? இப்ப இழுக்க மாட்டேங்குதுங்கறதுதான் அவருக்குக் காவல். அதையும் நீ கழட்டிரலாங்கற."

தவறான பாகத்தை மாற்றுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று நினைக்காதீர்கள். கோளாறு தீர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையையும் சேர்த்து மாட்டி அனுப்புகிறீர்கள்.

திரும்பி வந்து குழந்தைவேலிடம் நேராகச் சொன்னேன். "நான் இத மாட்டிக் குடுக்க மாட்டேனுங்க. வண்டிய இங்கயே உட்டுட்டுப் போங்க."

அவர் முகம் கறுத்தது. "என்ற வண்டிய எடுக்க உங்ககிட்டப் பர்மிசன் வாங்கோணுமா? இந்த ரோட்ல நீங்க ஒருத்தருதான் மெக்கானிக்கா?"

நாங்கள் வார்த்தையை வளர்த்துக்கொண்டிருந்தபோதே மாதேஷ் கழற்றிய குழாயைப் பழையபடி மாட்டிவிட்டான். சண்டையைத் தணிப்பதாக அவனுக்கு நினைப்பு. குழாய் மட்டும் திறந்து கிடந்திருந்தால் அந்த ஆயில் தரையில் ஒழுகியிருக்கும், அவ்வளவுதான். அதற்காக அவனைத் திட்டக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

குழந்தைவேல் மனைவியை ஏறச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தவர், கோபத்தில் இடப்பக்கம் சுற்றுச்சுவரை உரசுகிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஒரு லாரி வழியை மறித்து நின்றது. அதன் அடியில் ஆட்கள் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரியை நகர்த்தும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அவர் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"கேளுங்க மேஸ்திரி, இதுவா செத்துப்போன இன்ஜின்?"

ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தார். காலை எடுத்தார். சத்தம் இறங்கவில்லை.

அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். சத்தம் மேலே மேலே ஏறியது. வண்டியின் பின்னாலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை கொட்டி, சுவரும் லாரியும் மறைய ஆரம்பித்தன. அவர் சாவியைத் திருப்பினார். பிடுங்கியே எடுத்துவிட்டார். இன்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. சாவியையும் டேஷ்போர்டையும் மாறி மாறிப் பார்த்த அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே குதித்து, புகைக்குள் வண்டியின் முன்பக்கம் ஓடினார்.

பாப்பாத்தி உள்ளே இருந்தார். அவர் பக்கக் கதவு சுவரில் இடித்து ஒரு சாண் அளவுதான் திறந்தது. அந்தச் சந்து வழியாக அவருடைய வளையல் கை மட்டும் வெளியே நீண்டிருந்தது.

சாலையில் போன லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொன்று கத்தினார்கள். தண்ணீரை ஊற்று என்றார் ஒருவர். பேட்டரியைக் கழற்று என்றார் இன்னொருவர். டீசல் குழாயை வெட்டு என்றார்கள். ஒன்றும் உதவாது. அது டீசலில் ஓடவில்லை, மின்சாரத்திலும் ஓடவில்லை. அது நிற்க வேண்டுமானால் காற்றை அடைக்க வேண்டும். இல்லையென்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அமுக்கி, கிளட்சை விட்டு மூச்சுத் திணற வைக்க வேண்டும்.

லாரிக்கு அடியில் இருந்தவர்களை வெளியே வரச் சொல்லிக் கத்தினேன். ஓட்டுநர் கதவு வழியாகத் தலையை விட்டு, பாப்பாத்தியை இந்தப் பக்கம் நகர்ந்து வரச் சொன்னேன். முழங்காலை மடக்கி கியர் கம்பியைத் தாண்ட அவரால் முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன். வலியில் கத்தினார். இன்ஜின் எந்த நொடியும் உடைந்து சிதறலாம். அவரை வெளியே எடுப்பதற்குள் அது நடந்துவிடும் என்று பட்டது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.

"என்னங்ண்ணா இது? என்னங்ண்ணா இது?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலைத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கங்க அம்மணி. சீட்டக் கெட்டியாப் புடிச்சுக்கங்க."

டாப் கியர். கை பிரேக். கால் பிரேக்கில் என் முழு எடை. கிளட்சை விட்டேன். வண்டி முழுவதும் நடுங்கி முன்னால் உந்தியது. சத்தம் கொஞ்சம் இறங்கியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கிளட்ச் எரிகிற நாற்றம் மூக்கில் ஏறியது. அதுவும் தேய்ந்து போயிருந்தது! பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. இந்த மனிதர் இந்த வண்டியில் எதைத்தான் தேயாமல் விட்டு வைத்திருந்தார் என்று அந்த நேரத்திலும் ஆத்திரம் வந்தது.

கிளட்சை மறுபடி மிதித்தால் இன்ஜின் வேகம் பிடித்து வெடிக்கும். மிதிக்காமல் இப்படியே வைத்திருந்தால் வேகம் அடங்கியே இருக்கும், ஆனால் வண்டி கியரில் இருக்கிறது. பிரேக்கை ஒரு நொடி விட்டால் முன்னால் நிற்பவர்கள் லாரிக்கும் இதற்கும் நடுவில் நசுங்குவார்கள். பானெட்டைத் திறந்து காற்றை அடைக்க ஒரு ஆள் வேண்டும். நான் பெடலை விட்டு இறங்க முடியாது.

பானெட் லீவரை இழுத்துவிட்டு மாதேஷைக் கூப்பிட்டேன். "முன்னாடி நிக்காத! என்ற பக்கமா நின்னு தொற! பில்டர் பெட்டி கிளிப்பக் கழட்டி, குழாய் வாய்க்குப் பலகைய வெச்சு அமுக்கு! கையையோ துணியையோ வெச்சுராத, உள்ள இழுத்துரும்!"

லாரிக்காரர் ஒருவர் நான் கேட்காமலேயே, லாரிக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையைக் கொண்டுவந்து முன்சக்கரத்துக்கு அடியில் உதைத்துத் தள்ளினார். யாரென்று இன்றுவரை தெரியாது. முன்னால் நின்றிருந்த குழந்தைவேலைத் தோளைப் பிடித்து அப்புறம் இழுத்ததும் அவர்தான்.

மாதேஷ் ஒரு கணம் தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் குற்றமாக நினைக்கவில்லை. அப்படி அலறுகிற இன்ஜின் மேல் குனியச் சொன்னால் யாரும் தயங்குவார்கள். பிறகு ஒரு பிளைவுட் துண்டை எடுத்துக்கொண்டு புகைக்குள் போனான். பானெட் உயர்ந்து எனக்கு முன்பக்கம் மறைந்துவிட்டது. பக்கவாட்டில் அவன் இடுப்பு மட்டும் தெரிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை இன்னும் அமுக்கினேன்.

ரப்பர் குழாய் காற்றில்லாமல் ஒட்டிச் சப்பையாகிற சத்தம் கேட்டது. இன்ஜின் இரண்டு மூன்று தடவை விக்கியது. நின்றது.

அதற்குப் பிறகு சாலையில் போகிற வண்டிகளின் ஹாரன்தான் கேட்டது. பாப்பாத்தி கண்ணைத் திறந்து, "நின்னுருச்சுங்களா?" என்றார். நின்றுவிட்டது என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கு வாடகை வண்டிக்குச் சொல்லிருங்க" என்றார்.

வண்டியைத் தள்ளிச் சுவரிலிருந்து விலக்கி அவரை இறக்கினோம். குழந்தைவேல் சாவியைக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றிருந்தார். பக்கத்தில் வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பொண்டாட்டிய உள்ள உட்டுட்டுக் குதிச்சுட்டாருய்யா மனுசன்." சிலர் சிரித்தார்கள். அதைக் கேட்டு அவர் தலை தொங்கியதை நான் பார்த்தேன். அவரோடு காலையிலிருந்து சண்டை போட்டவன் நான்தான். ஆனால் சிரித்தவர்களை அறைய வேண்டும் போல இருந்தது.

மறுநாள் வாடகை வண்டியில் போய் மகளைக் கூட்டிவந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லையாம்.

நாங்கள் இன்ஜினை இறக்கிப் பிரித்தோம். இந்த முறை ஒவ்வொரு பாகத்தையும் குழந்தைவேலை வரவழைத்து அவர் கையில் கொடுத்துத்தான் பேசினேன். டர்போ தண்டை அசைத்துப் பார்த்தார். கிளட்ச் தட்டைத் தடவிப் பார்த்தார். புது டர்போவை மாட்டப் போன மாதேஷை நான் நிறுத்தினேன். "பழசு எதனால செத்துச்சு?" அவன் ஆயில் வருகிற சின்னக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். கரி பிடித்துப் பாதி அடைத்திருந்தது. காலம் கடந்த ஆயிலும், நெடுந்தூரம் ஓட்டி வந்த சூட்டில் சட்டென்று இன்ஜினை அணைக்கிற பழக்கமும் சேர்ந்து செய்த வேலை. அந்தக் குழாயை மாற்றாமல் புது டர்போவை மாட்டியிருந்தால், அதுவும் அதே சாவுதான் செத்திருக்கும். தேய்ந்த பாகத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதைத் தேய்த்தது எது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கீழே வைக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தக் கதை சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் பரவி, நானும் மாதேஷும் ஏதோ வீரச்செயல் செய்ததாக ஆகிவிட்டது. கேட்கக் கேட்க எனக்கு வெறுப்பாக இருந்தது. காலையில் எல்லாரும் வாயையும் கையையும் கொஞ்சம் அடக்கியிருந்தால் எந்த வீரமும் தேவைப்பட்டிருக்காது. பட்டறையில் வீரம் தேவைப்படுகிறது என்றால், அதற்கு முன்னால் எங்கோ ஒருவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

சில வாரம் கழித்து குழந்தைவேலும் பாப்பாத்தியும் அதே காரில் ஆயில் மாற்ற வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு! வண்டி வந்து நின்றதும் உடனே அணைக்காமல் சற்று ஓடவிட்டு அணைத்தார். பிறகு வேகமாகச் சுற்றி வந்து மனைவி பக்கக் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினார். நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இளநீர் வாங்கி வருகிறேன் என்று சாலையைக் கடந்து போனார். "நீ சும்மா இரு" என்று ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. ஆளே இளைத்திருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பாப்பாத்தியின் பக்கத்தில் போனேன்.

"அம்மணி, ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னைக்கு அவரு பயந்து ஓடலைங்க. ரிக்கு இன்ஜின நிறுத்தற கம்பி இன்ஜின்லயே இருக்கும். ஓடிப் போய் இழுத்தா நிக்கும். அத்தன வருசப் பழக்கத்துல பானெட்டத் தொறக்கறதுக்குத்தான் குதிச்சாரு. அதத் தொறக்கற லீவரு உள்ள இருக்குதுங்கறது அந்தப் பதட்டத்துல மறந்துபோச்சு. ஊர்ல பேசறத நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுமுங்ண்ணா. கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான இருந்தேன். கை ரெண்டுலயும் பானெட்டப் போட்டு அடிச்சுட்டு, என்ற பேரச் சொல்லிக் கத்தீட்டு நின்னாரு."

"அப்ப அத அவருகிட்டச் சொல்லலாமில்லீங்களா? தன்ன ஓடிப் போனவன்னு நீங்களும் நெனைக்கறீங்கன்னு மனுசன் கரைஞ்சு போய்க் கெடக்கறாரு."

சாலைக்கு எதிர்ப்பக்கம் குழந்தைவேல் இளநீர்க்காரரிடம், வழுக்கையாகப் பார்த்து வெட்டச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார். பாப்பாத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சொல்றனுங்ண்ணா. மகளுக்குப் புள்ள பொறந்து, அவ கெங்கவல்லிக்குத் திரும்பிப் போகட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும், நெம்ப நல்லா இருக்குது."